விளக்கும் ஏடும் ஒரே கையில்

பெருமக்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோரிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எழுத எடுத்துக்கொண்டவரின் வாழ்வை அவர்கள் அதிகாரங்களாகக் கூறுபோட்டுக்கொள்வர். இளமை ஓர் அதிகாரம், தொழில் ஓர் அதிகாரம், அரசியற் பணி ஓர் அதிகாரம், கொடைச் சிறப்பு இன்னோர் அதிகாரம். ஒரு வீட்டின் அறைகளைப் போல இவை அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஆனால் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லக் கதவு மட்டும் இராது. ஒருவர் மின்சாரக் கம்பெனியின் அதிபராக இருந்தார் என்பது நாலாம் அதிகாரத்திற் சொல்லப்படும். அவரே சட்டமியற்றும் சபையில் அமர்ந்தார் என்பது ஆறாம் அதிகாரத்தில் வரும். பத்திரிகைகளை விலைக்கு வாங்கினார் என்பதற்கு ஒன்பதாம் அதிகாரம் வரை காத்திருக்க வேண்டும். மூன்றும் மூன்று வேறு மனிதர்கள் செய்த வேலைகள் போலும் என்று எண்ணி வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான். சுவரில் எந்த இடத்திற் கதவு பூசி மறைக்கப்பட்டிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது சமூக நோக்குடைய விமர்சகனின் வேலையாகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஐரா கொப்ளியின் வாழ்க்கை இவ்வகை எழுத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1864இல் பிறந்தவர்; யேல் சர்வகலாசாலையில் 1887இல் பட்டம் பெற்றுப் பின் சட்டமும் படித்தவர். ஆனால் வழக்குமன்றம் அவரை ஈர்க்கவில்லை. ஓரோரா என்னும் நகரில் தம் குடும்பத்துக்குத் தொடர்பிருந்த எரிவாயுக் கம்பெனியின் பொறுப்பை ஏற்றார். வாயுவோடு மின்சாரமும் சேர்ந்தது. அண்டை ஊர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அதனுள் அடங்கின. 1905இல் ஓரோராவின் ‘பீக்கன்’ பத்திரிகையை வாங்கினார். பின்னர் எல்ஜின், ஜோலியட் ஆகிய நகரங்களின் பத்திரிகைகளும் அவர் வசமாயின. இந்த ஊர்ப் பெயர்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எந்த வட்டாரத்து வீடுகளில் அவருடைய வாயு எரிந்ததோ, அந்த வட்டாரத்து வீடுகளின் வாசலிலேதான் அவருடைய பத்திரிகையும் நாள்தோறும் விழுந்தது. 1911 முதல் 1923 வரை அவ்வட்டாரத்தவரின் வாக்குகளைப் பெற்று வாஷிங்டனிற் பிரதிநிதிகள் சபையிலும் அவரே இருந்தார். விளக்கு எரிப்பவன், செய்தி தருபவன், சட்டம் செய்பவன் என்ற மூவரும் ஒருவராகவே அந்த ஊர்களில் உலாவினர்.

கொப்ளியைக் கொடியவர் என்று சித்திரிப்பது எளிது; ஆனால் அது விமர்சனமாகாது. அவர் குடியரசுக் கட்சியின் பழைமைப் பிரிவோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. தியோடர் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி எழுந்தபோது அதன்பக்கம் சென்று, 1915 முதல் 1917 வரை அக்கட்சியின் உறுப்பினராகவே சபையில் இருந்தார். ஏகபோகக் கம்பெனிகளை அடக்க வேண்டுமென்று முழங்கிய கட்சி அது. ஒரு மாவட்டத்து வாயுவையும் மின்சாரத்தையும் ஏகபோகமாக வைத்திருந்தவர், ஏகபோகத்தை எதிர்த்த கட்சியின் வாங்கில் அமர்ந்திருந்தார். இதைப் பாசாங்கு என்று சொல்லிவிட்டுப் போவதில் நமக்கு எந்த அறிவும் சேராது. தம் சொந்த அறைகளுக்கிடையே கதவு இருப்பது அவருக்கே தெரியாதிருந்திருக்கலாம். வர்க்கநலன் மனிதனுள் வேலை செய்வது பெரும்பாலும் இவ்வாறுதான். அது சூழ்ச்சியாக அன்றி இயல்பாகவே தோன்றும்.

1928இல் கொப்ளி தென் கலிபோர்னியாவில் சான் டியேகோவின் இரு பெரும் பத்திரிகைகள் உட்பட ஏறக்குறைய இரண்டு டசின் பத்திரிகைகளை வாங்கினார். மின்சக்தி தனியாரிடம் இருக்க வேண்டுமா பொதுமக்களிடம் இருக்க வேண்டுமா என்ற போராட்டம் அமெரிக்காவெங்கும் சூடேறியிருந்த காலம் அது. பொதுவுடைமை மின்சக்திக்காக இடையறாது வாதாடிய செனட்டர் ஜோர்ஜ் நொரிஸ், இந்தக் கொள்வனவின் பின்னால் மின்சாரக் கம்பெனிகளின் நலன் இருப்பதாக ஐயுற்றுக் குற்றஞ்சாட்டினார். கொப்ளி மறுத்தார், தம் பத்திரிகைகள் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்று விசாரணையிற் கூறினார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஆசிரியர் ஒருவரையும் அழைத்து இப்படி எழுது, அப்படி எழுதாதே என்று அவர் சொல்லாமலே இருந்திருக்கட்டும். கேள்வி அதனால் தீர்ந்துவிடுகிறதா? வாயுக் கட்டணம் ஏறியிருக்கிறது. ஆசிரியர் தலையங்கம் எழுத உட்காருகிறார். சம்பளச் சீட்டிற் கையெழுத்திடுபவர் யாரென்று அவருக்குத் தெரியும். அன்றைய தலையங்கம் பூந்தோட்டக் கண்காட்சியைப் பற்றி அமைந்துவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு விஷயம் சொல்லப்படாமல் நின்றது, அவ்வளவே. பத்திரிகையை மதிப்பிடுவோர் ‘என்ன பொய் எழுதினான்?’ என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போவதற்குக் காரணம் இதுதான். ‘எதை எழுதாமல் விட்டான்?’ என்று கேட்கத் தொடங்கினால் விடைகள் குவியும்.

அக்காலத்தில் அமெரிக்க மின்சாரக் கம்பெனிகள் செய்ததை வெறும் ஊகமென்று ஒதுக்கிவிட முடியாது. 1928இல் செனட் சபையின் பணிப்பின் பேரில் சமஷ்டி வர்த்தகக் கமிஷன் விசாரணை ஒன்றைத் தொடங்கிற்று. அது 1930களின் நடுப்பகுதி வரை நீண்டு, பல்லாயிரம் பக்கச் சாட்சியங்களைத் திரட்டியது. ஓரிகன் மாநிலத்திலிருந்து ஒரு செய்திச் சேவை ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பத்திரிகைகளுக்கு இலவசமாகத் தலையங்கங்களை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் மின்சாரக் கம்பெனிகள். சிற்றூர்ப் பத்திராதிபர் அதைத் தம் சொந்தக் கருத்துப்போல அச்சிட்டார். காகிதமும் மின்சக்தியும் உற்பத்திசெய்த மாபெரும் கம்பெனி ஒன்று பல நகரப் பத்திரிகைகளின் பங்குகளை இரகசியமாக வாங்கி வைத்திருந்ததும் 1929இல் அம்பலமாயிற்று. நம் வாசகர்களுட் பெரும்பாலோர் ஆசிரியர்களாதலால் இன்னொன்றையும் இங்கே குறிப்பது தகும். கம்பெனிகளின் சங்கம் பள்ளிக்கூடப் பாடநூல்களைக் குழு அமைத்துப் பரிசீலித்தது. நகரசபை நடத்தும் மின்நிலையங்களைப் பற்றி நல்ல சொல் இருந்த இடங்களைத் திருத்துமாறு பதிப்பாளர்களை வற்புறுத்தியது. பேராசிரியர்கள் சிலருக்குப் பணமும் கொடுத்தது. ஏர்னஸ்ட் குரூனிங் என்பவர் 1931இல் இச்சாட்சியங்களைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டார். பிரசாரத்துக்கான செலவு முழுவதும் இறுதியில் மின்கட்டணத்திலேதான் ஏற்றப்பட்டது. தன்னை ஏமாற்றுவதற்கான கூலியை விளக்கேற்றியவனே மாதாமாதம் செலுத்தினான். 1930களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணைகளிற் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் எட்டியிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இலாபம் வராத இடத்துக்குக் கம்பி போகவில்லை. கம்பி போகவில்லை என்ற செய்தியும் போகவில்லை.

இந்த அமெரிக்கக் கதை மூதூர்க் கிழக்கில் வாழ்கிறவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டிலும் ஒரு பத்திரிகாதிபரின் வாழ்க்கை வரலாறு இருக்கிறது.

டி. ஆர். விஜயவர்தன 1886இல் களனி கங்கைக் கரையிலுள்ள சேதவத்தையிற் பிறந்தார். மரவியாபாரத்தாற் செல்வம் பெருக்கிய குடும்பம். கேம்பிரிட்ஜில் பயின்று பாரிஸ்டராகத் திரும்பியவர், 1914இல் ‘தினமின’ என்னும் சிங்களப் பத்திரிகையை வாங்கினார். 1918 ஜனவரியில் ‘சிலோன் டெய்லி நியூஸ்’ தொடங்கிற்று. 1923இல் பழைய ‘ஒப்சேவர்’ அவர் கைக்கு வந்தது. 1932 மார்ச்சில் ‘தினகரன்’ பிறந்தது. தமிழ்ப் பத்திரிகை தோன்றிய காலத்தைக் கவனியுங்கள். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தது. ‘வீரகேசரி’யைச் சுப்பிரமணியம் செட்டியார் 1930இலேயே தொடங்கித் தமிழ் வாசகர் சந்தை ஒன்று உண்டென்று காட்டியிருந்தார். வாக்கும் காசும் உடைய வாசகன் தோன்றியதும் பத்திரிகையும் தோன்றியது.

விஜயவர்தன தாம் நேரே மந்திரிப் பதவி எதையும் வகிக்கவில்லை. அரசியற் சீர்திருத்த இயக்கத்தில் முன்னின்று உழைத்தவர். பின்னர் அரங்கைப் பிறருக்கு விட்டுத் திரைக்குப் பின் நின்றவர். ஆனால் குடும்ப மரத்தைப் பார்த்தால் அரங்கு தெளிவாகத் தெரியும். ஜே. ஆர். ஜயவர்தன அவருடைய சகோதரியின் மகன். லேக் ஹவுஸ் நிறுவனத்தைப் பின்னாளில் நடத்திய எஸ்மண்ட் விக்கிரமசிங்க அவருடைய மருமகன். ரணில் விக்கிரமசிங்க மகள்வழிப் பேரன். ஒரு பத்திரிகை வீட்டிலிருந்து இரண்டு ஜனாதிபதிகள் கிளைத்த நாடு உலகில் வேறு எத்தனை உண்டோ, எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

அவரது வாழ்க்கையை ‘டி. ஆர். விஜயவர்தனவின் வாழ்வும் காலமும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஹுலுகல்ல ஆங்கிலத்தில் எழுதி 1960இல் வெளியிட்டார். ஹுலுகல்ல யார்? அதே நிறுவனத்தின் ஆங்கிலத் தினசரிக்குப் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தவர். பின்னர் நாட்டின் தூதுவராகவும் பணிபுரிந்தவர். எழுத்தாற்றலில் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும் முதலாளியின் வாழ்க்கையை முதலாளியின் ஆசிரியர் எழுதுகையில், புகழ்ச்சி மிகுந்துவிடுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பார்க்கும் இடம் அறையின் உள்ளே அமைந்துவிடுகிறது. தினசரிக்கு வெளியே நின்றவனுக்கு, அதாவது அச்சுக்கூடத் தொழிலாளிக்கும், தோட்டத்தில் எழுத்தறியாது உழைத்தவனுக்கும், கொட்டியாரக் குடாவில் வலை வீசியவனுக்கும் அந்த வீடு எப்படித் தோன்றியது என்பதை உள்ளிருந்து எழுத முடியாது. இது ஹுலுகல்லவின் தனிக்குறையன்று. இவ்விலக்கிய வகையின் குறை.

இங்கே நம் தரப்பினர் வசதியாக மறந்துவிடும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் முற்போக்குத் தமிழ் இலக்கியம் வளர்ந்த களங்களுள் ஒன்று அதே முதலாளியின் வீட்டுத் ‘தினகரன்’. க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை அதன் ஆசிரியராக இருந்தபோது, ஈழத்து எழுத்தாளருக்கும் இடதுசாரிச் சிந்தனைக்கும் பக்கங்களைத் திறந்துவிட்டார். இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ அப்பத்திரிகையிலேதான் தொடராக வந்தது. அதே கட்டிடத்தின் ஆங்கில, சிங்கள ஏடுகள் இடதுசாரிகளை ஓயாது தாக்கிக்கொண்டிருந்தன. ஒரே கூரையின் கீழ் இரண்டும் நடந்தன. தமிழ்ப் பிரிவு நிறுவனத்தின் ஓரத்தில் இருந்ததும், ஓரத்தில் இருந்ததனாலேயே அதிகாரத்தின் கண் அங்கே கூர்மையாக விழாததும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஓரத்தில் கிடைக்கும் சுதந்திரம் எத்தகையது என்பது தனியே ஆராயத்தக்க பொருள்.

கொப்ளியின் மூன்று தொழில்களில் மின்சாரம் மட்டும் விஜயவர்தனவின் கையில் இல்லை. இலங்கையில் நீர்மின்சக்தியின் கதை வேறொரு வழியிற் சென்றது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, ‘டெய்லி நியூஸ்’ தொடங்கிய அதே 1918இல், மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு நாட்டுக்கு மின்சக்தி தரலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற ஆட்சியார் அதைக் கிடப்பில் போட்டனர். லக்சபான நிலையம் 1950இலேதான் இயங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் விஜயவர்தன காலமானார். 1969இல் இலங்கை மின்சார சபை அமைந்தபோது மின்சக்தி அரசின் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. ஆகவே மின்சாரத்தில் நாம் அமெரிக்காவைவிட முற்போக்கானவர்கள் என்று பெருமைப்பட இடமிருந்தது.

பத்திரிகையிலும் அதே பாதை தோன்றிற்று. 1964இல் லேக் ஹவுஸை அரசுடைமையாக்கும் முயற்சியின்போது ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் டிசம்பரில் ஒரேயொரு வாக்கினாற் கவிழ்ந்தது. பத்திரிகை முதலாளித்துவத்தின் வலிமைக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. மீண்டும் 1973இல், சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்குகொண்டிருந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. பங்குகளில் நூற்றுக்கு 75 வீதம் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமையைப் பரவலாக்குவதே நோக்கம், காலப்போக்கில் அப்பங்குகள் பொதுமக்களிடையே பகிரப்படும் என்பது சட்டம் தந்த வாக்குறுதி.

பகிரப்படவில்லை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன, பத்திரிகையை நிறுவியவரின் மருமகன் முறையாயிருந்தும், அதைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, மக்களுக்கும் கொடுக்கவில்லை. தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்வந்த எல்லா ஆட்சிகளும் அவ்வாறே செய்தன. தனியுடைமையை எதிர்த்த கோரிக்கை நியாயமானது; ஆனால் அரசுடைமை என்ற சொல்லையும் மக்களுடைமை என்ற சொல்லையும் ஒரே பொருட்சொற்களாகக் கொண்டதனால், இரண்டுக்கும் இடையே இருந்த வேலை முழுவதும் செய்யப்படாமலே கிடந்தது. அதன் விளைவாக இலங்கையில் விளக்கும் ஏடும் சட்டமும் ஒரே கையில் வந்து சேர்ந்தன. அந்தக் கை கொப்ளியுடையதன்று, அரசினுடையது. கொப்ளிக்கு இல்லாத நான்காவது ஆயுதமாக இராணுவமும் அதனிடம் இருந்தது. இந்த நான்கும் ஒன்றுகூடி ஓர் ஊரின்மீது இறங்கினால் என்னவாகும் என்பதற்குச் சம்பூரே உதாரணம்.

சம்பூர், கொட்டியாரக் குடாவின் தென்கரையில், திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே கிடக்கும் ஊர். நெல்வயலும் மேய்ச்சல் நிலமும் கடலும் பத்திரகாளி அம்மன் கோவிலும் கொண்டது. கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை முதலிய சிற்றூர்கள் அதன் அயல். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இப்பகுதி மீது, கொழும்பில் இராணுவத் தளபதியைக் குறிவைத்த தற்கொலைத் தாக்குதலையடுத்து 2006 ஏப்ரல் இறுதியில் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் தொடங்கின. சனங்கள் ஓடினர். செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றிற்று. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, டிசம்பரில், இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் திருகோணமலைப் பகுதியில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அமைக்க உடன்பட்டன. அதற்குரிய இடமாகச் சம்பூரே வரையப்பட்டது. 2007 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2011இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து திருகோணமலை மின்சக்திக் கம்பெனியைப் பதிவுசெய்தன. வேறு 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் வழியாகத் தனியார் கைத்தொழில் வலயம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது. கடற்படையும் ஒரு பாசறையை அமைத்துக்கொண்டது. ஊரவர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தனர்.

இவ்வாண்டுகளில் கிழக்கைப் பற்றிய அரசின் பேச்சு முழுவதும் ‘கிழக்கின் உதயம்’ என்ற வேலைத்திட்டப் பெயரின் கீழ் நடந்தது. உதயம் என்றால் வெளிச்சம். வெளிச்சம் என்றால் மின்சாரம். மின்சாரம் என்றால் அபிவிருத்தி. இந்தச் சங்கிலியில் ‘காணி’ என்ற சொல்லுக்கு இடமில்லை. தமிழாசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது, சம்பூரைப் பற்றி அறிக்கைகளிலும் செய்திகளிலும் வழங்கிய தமிழின் இலக்கணம். ‘காணி சுவீகரிக்கப்பட்டது’, ‘வலயம் பிரகடனப்படுத்தப்பட்டது’, ‘மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்’. எல்லாம் செயப்பாட்டு வினை. சுவீகரித்தவர் யார், பிரகடனம் செய்தவர் யார் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. தமிழில் செயப்பாட்டு வினை இயல்பாக அருகியே வழங்குவது. ‘மரம் வெட்டப்பட்டது’ என்று நம் கிராமத்தவர் சொல்லமாட்டார்கள். ‘மரத்தை வெட்டிப்போட்டான்கள்’ என்பார்கள். வெட்டியவனை வாக்கியத்துக்குள் எப்படியேனும் கொண்டுவந்து நிறுத்திவிடுவது பேச்சுத் தமிழின் குணம். கச்சேரித் தமிழும் பத்திரிகைத் தமிழும் அவனை வெளியே அனுப்பிவிடுகின்றன.

இதைவிடச் சுவையான மறுபக்கம் ஒன்றுண்டு. செயப்பாட்டு வினை உண்மையாகவே வேண்டிய ஓரிடத்தில் அது காணாமற்போகிறது. முகாமில் இருந்தவர்களை எல்லாப் பத்திரிகைகளும், அரசினதும் தனியாரினதும், ‘இடம்பெயர்ந்தோர்’ என்றே எழுதின. பெயர்ந்தோர் என்பது தன்வினை. காற்று வாங்கப் புறப்பட்டுப் போனவர்களைப் போல, தாமே பெயர்ந்தார்களாம். ‘பெயர்க்கப்பட்டோர்’ என்று எவரும் எழுதவில்லை. செய்தவனை மறைக்க வேண்டிய இடத்திற் செயப்பாட்டு வினை. பாதிக்கப்பட்டவனைப் பொறுப்பாளியாக்க வேண்டிய இடத்தில் தன்வினை. எந்த முதலாளியும், எந்த மந்திரியும் தொலைபேசியில் அழைத்து இந்த இலக்கணத்தைக் கட்டளையிட்டிருக்க வேண்டியதில்லை. ஓரோராவின் பத்திரிகையாசிரியர் பூந்தோட்டத்தைப் பற்றி எழுதியதைப் போன்றதே இதுவும். தனியார் தமிழ்ப் பத்திரிகைகள் சம்பூர் மக்களுக்காகப் பரிந்து எழுதின என்பதை மறுக்க முடியாது. எனினும் அவர்களுடைய பரிவும் ‘எங்கள் மண்’ என்ற பொதுச்சொல்லிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. உறுதி இருந்தவன், உறுதியில்லாது அனுமதிப்பத்திரத்தில் பயிரிட்டவன், கூலிக்கு வயல் செய்தவன், மாடு மேய்த்தவன் ஆகியோர் இழந்தவை வேறுவேறு என்பதைப் பிரித்துப் பார்க்கும் எழுத்து அரிதாகவே வந்தது. வர்க்கப் பார்வை இல்லாத அனுதாபம் இந்த இடத்தில் முட்டி நிற்கும்.

நிலக்கரி நிலையம் எழவேயில்லை. நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கிவந்த நிலக்கரி நிலையத்தின் சாம்பலும் தூசியும் அயலவருக்குத் தந்த துன்பம் யாவருக்கும் தெரிந்திருந்தது. கொட்டியாரக் குடா போன்ற மூடுண்ட கடலில் சூடேறிய நீரைக் கொட்டுவதன் விளைவை மீனவர் தம் அனுபவத்திலிருந்தே அறிந்துகொள்ளக் கூடியவர்கள். எதிர்ப்பு ஊரிலும் எழுந்தது, சூழல் அமைப்பொன்றின் வழக்காக உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது. 2015இல் ஆட்சி மாறியபின் 818 ஏக்கர் ஒதுக்கீடு இரத்தாகி மக்கள் திரும்பத் தொடங்கினர். கடற்படை 2016இல் பாசறையை ஒப்படைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அரசு நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. இவ்வெற்றியைக் கொழும்புப் பத்திரிகைகள் பெரும்பாலும் சூழல் பாதுகாப்பின் வெற்றியாகவும் வெளியுறவின் சிக்கலாகவுமே கண்டன. பத்தாண்டு முகாமில் இருந்துகொண்டே காணி கேட்டுக் கச்சேரி வாசலில் நின்ற பெண்களின் வெற்றி என்று அதைக் கண்டவர் சிலரே.

அரசின் கையே இவ்வாறென்றால் தனியாரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று சொல்லும் குரல் இப்போது பலமாகக் கேட்கிறது. அக்குரலுக்கும் நம் கண்முன்னே ஒரு பதில் இருக்கிறது. இந்தியாவின் மின்சக்தி முதலாளிகளுள் முதன்மையான கௌதம் அதானியின் குழுமம், 2022இல் என்.டி.டி.வி. என்ற செய்தித் தொலைக்காட்சியின் பங்குகளை வாங்கத் தொடங்கி, அவ்வாண்டு முடிவில் நூற்றுக்கு 64 வீதத்துக்கு மேல் கைக்கொண்டது. அதன் பெயர்பெற்ற இந்திச் செய்தியாளர் ரவீஷ் குமார் நவம்பர் இறுதியிலேயே பதவி விலகினார். அதே 2022இல் அதே குழுமம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைகள் அமைக்க இலங்கையுடன் உடன்பாடு செய்தது. திறந்த கேள்விமனு இல்லாமல் இது நடந்த விதம் ஜூன் மாதத்தில் பாராளுமன்றக் கோப் குழுவிற் கேள்விக்குள்ளானபோது, மின்சார சபையின் அன்றைய தலைவர் இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருந்ததாக ஜனாதிபதி தம்மிடம் சொன்னாரென்று கூறினார், ஜனாதிபதி மறுத்தார், தலைவர் கூற்றை மீளப்பெற்றுப் பதவியையும் துறந்தார். 2024இல், பத்திரிகாதிபரின் பேரன் ஜனாதிபதியாயிருந்த காலத்தில், அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அடுத்து வந்த அரசு விலையை மீளப் பரிசீலிக்க முற்பட, 2025 பெப்ரவரியில் குழுமம் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓரோராவில் ஒரு மாவட்ட அளவில் இருந்த கொப்ளியின் வீடு, இன்று கடல்தாண்டி நிற்கிறது. அறைகள் மாத்திரம் பெருத்திருக்கின்றன.

ஆகவே தனியாரா அரசா என்ற பழைய கேள்வியோடு விமர்சனம் நின்றுவிடக் கூடாது. நொரிஸ் தம் காலத்தில் பொதுவுடைமை மின்சக்திக்குப் போராடினாரெனில், அது கம்பெனியின் கையிலிருந்து எடுத்து வேறொரு பெரிய கையில் வைப்பதற்காக அன்று. கட்டணத்தையும் கணக்கையும் விளக்கேற்றுபவன் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டுமென்பதற்காக. மின்நிலையம் எங்கே அமையும் என்பதை அந்நிலத்தில் வாழ்பவன் அறியாமலே முடிவுசெய்யும் சபை, பொதுவுடைமைச் சபை என்ற பெயருக்கு எவ்வாறு உரியதாகும்? தனக்கு உரியவனின் முடிவை அவனுக்கே ‘பிரகடனப்படுத்தப்பட்டது’ என்று அறிவிக்கும் பத்திரிகை, பொதுப்பத்திரிகை என்ற பெயருக்கு எவ்வாறு உரியதாகும்? 1973இன் சட்டம் வாக்களித்த பரவலாக்கம் இன்னும் எழுதப்படாத அதிகாரமாகவே கிடக்கிறது.

நிலக்கரிக்கென உருவான அதே திருகோணமலை மின்சக்திக் கம்பெனி இப்போது சூரியசக்திக் கம்பெனியாகியிருக்கிறது. சூரியத் தகட்டிலிருந்து சாம்பல் வராது, கடல் சூடாகாது. நிலக்கரியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ளாதவன் அறிவாளியல்லன். ஆனால் தகட்டுக்கும் காணி வேண்டும். நிலக்கரியைவிடத் தகடு ஒரு மெகாவாற்றுக்குக் கூடுதலான நிலம் கேட்கும். 2025 ஏப்ரல் 5ஆந் தேதி, 120 மெகாவாற் சம்பூர்ச் சூரியசக்தித் திட்டத்தின் வேலைகளை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் தொடக்கிவைத்தனர். விழா கொழும்பில் திரை வழியாக நடந்தது. அத்தகைய விழாச் செய்தி ஒன்றை வகுப்பிற் கரும்பலகையில் எழுதி மாணவரை வாக்கிய உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னால், எழுவாயாக இரு நாட்டுத் தலைவர்கள் நிற்பர். செயப்படுபொருளாகத் திட்டம் நிற்கும். சம்பூர் ஏழாம் வேற்றுமையில் நிற்கும்.